தலை எண்ணியவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆலிவர் லவிங் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் இறந்து நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் மாடு எண்ணித் தேர்ந்த ஒருவரிடம்தான் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு ஊரின் இந்தத் தலைக்கணக்கைக் கொண்டுவர முடியும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

1866-இல் நீங்களும் சார்லஸ் குட்நைட்டும் சுமார் 2,000 மாடுகளை ஓட்டிக்கொண்டு டெக்சஸிலிருந்து கிளம்பினீர்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத வெட்டவெளியைத் தாண்டி பேகோஸ் ஆற்றைப் பிடித்து, அதன் கரையோடே நியூ மெக்சிகோவின் சம்னர் கோட்டை வரை போனீர்கள். அடுத்த வருடமே அந்த வழியில் கமான்சி பழங்குடியினர் தாக்கிய காயம் அழுகி, அதே கோட்டையில் உங்கள் கதை முடிந்தது. புதைத்த உடலைத் தோண்டி எடுத்து டெக்சஸின் வெதர்போர்டுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார் குட்நைட். கூட்டாளி என்றால் அப்படி.

இருபது வருடம் கழித்து, 1887-இல், அந்த ஆற்றை ஒட்டிய நிலத்தில் கோடு கிழித்து ஒரு கவுன்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவு, ஆக்கி உங்கள் பெயரை வைத்தார்கள். லவிங் கவுன்டி. பெயரைக் கேட்டு அன்பான ஊர் என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. அங்கே நடக்கும் தேர்தல் சண்டை அவர்களுக்குத் தெரியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1890 கணக்கெடுப்பில் மொத்தக் கவுன்டிக்கும் மூன்று பேர். தப்பாகப் படித்துவிடாதீர்கள், மூன்றேதான். ஆனால் 1893-இல் டென்வரிலிருந்து ஒரு பாசனக் கம்பெனி வந்தது. பேகோஸில் கால்வாய் வெட்டப் போகிறோம், எங்களுக்கென்று தனி நிர்வாகம் வேண்டும் என்று மனு கொடுத்தது. மனுவில் 150 வாக்காளர்களின் கையெழுத்து! தேர்தலும் நடந்து 83 ஓட்டு விழுந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். தனி நிர்வாகம் என்று ஆகிவிட்டால் வரி போடலாம், அதன் பெயரில் கடன் பத்திரம் வெளியிடலாம். கால்வாய் பிழைக்கவில்லை, பொறுப்பில் இருந்தவர்களும் கம்பி நீட்டினார்கள். 1897-இல் மாநிலச் சட்டமன்றம் நிர்வாகத்தையே கலைத்து, பக்கத்து ரீவ்ஸ் கவுன்டியோடு சேர்த்துவிட்டது. 1900-இல் போய் எண்ணினால் 33 பேர்.

உங்கள் மந்தையில் யாராவது மூன்றை 150 என்று சொல்லியிருந்தால் அவன் அந்தி சாய்வதற்குள் வேலையை இழந்திருப்பான்.

அப்புறம் 1920-களில் எண்ணெய் கிடைத்தது. 1931-இல் இரண்டாவது முறையாக நிர்வாகம் அமைந்தது. டெக்சஸின் 254 கவுன்டிகளில் இரண்டு தடவை அமைக்கப்பட்டது உங்களுடையது ஒன்றுதான். 1940-இல் 285 பேர். கணக்கெடுப்புகளில் பதிவான உச்சம் அதுதான். பிறகு இறங்குமுகம். 1970-இல் 164, 2000-இல் 67, 2020-இல் 64. அமெரிக்காவின் 3,000 சொச்சம் கவுன்டிகளில் இதுதான் கடைசி. 1,750 சதுர கிலோமீட்டருக்கு 64 பேர். எங்கள் பக்கம் ஒரு காதுகுத்துக்கே இதைவிட அதிகமாகப் பந்தியில் உட்காருவார்கள்.

ஆள் குறைந்தால் பணமும் குறைய வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. இந்தக் கவுன்டி டெலவேர் படுகை என்கிற எண்ணெய் வளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சென்ற பத்துப் பதினைந்து வருடங்களில், தண்ணீரையும் மணலையும் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை வந்த பிறகு, ஒதுக்குப்புறமாகக் கிடந்த பூமி அமெரிக்காவின் முக்கியமான எண்ணெய் வயல்களில் ஒன்றாகிவிட்டது.

இதில் வரி எப்படி வருகிறது என்று சொல்கிறேன். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. கவுன்டிகள் நம்பியிருப்பது சொத்து வரியை. அங்கே மேலே இருக்கும் நிலம் ஒருவருக்கும், கீழே இருக்கும் எண்ணெய் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். எண்ணெயும் சொத்துதான். ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் இனி எவ்வளவு வரும், என்ன விலைக்குப் போகும் என்று வருடாவருடம் மதிப்புப் போட்டு, அதன் மேல் வரி விதிக்கிறார்கள். அந்த மதிப்பு பல நூறு கோடி டாலர். கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும் கம்பெனிகளும் உரிமைத்தொகை வாங்குபவர்களும். ஆகவே உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்குக் கட்டும் வரி இதில் ஒரு பொட்டுக்குச் சமம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. எண்ணெய் விலை படுத்தால் கஜானாவும் படுக்கும். 2020 ஏப்ரலில் எண்ணெயை எடுத்துப் போகிறவருக்கே பணம் கொடுக்க வேண்டிய நிலைக்கு விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. நீங்கள் மாட்டை எடை போட்டு ராணுவத்துக்கு விற்றவர், உங்களுக்கு இது புரியாது. எனக்கும் அரைகுறையாகத்தான்.

பகலில் நெடுஞ்சாலை நிறைய லாரிகள். இரவில் எரிவாயுவைக் கொளுத்திவிடும் சுடர்கள். வேலையாட்கள் முகாம்களில் தங்குவார்கள், முறை முடிந்ததும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். உங்கள் கவுன்டியின் தலைக்கணக்கில் அவர்கள் வருவதில்லை. மென்டோன் என்ற ஒரே ஊரில் 1935-இல் கட்டிய நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் எப்போதோ மூடிவிட்டார்கள். பிள்ளைகள் படிப்பது பக்கத்துக் கவுன்டியில் இருக்கும் விங்க்கில். எண்ணெய்ப் பணத்தால் கொழுத்த அந்தப் பள்ளி மாவட்டம், டெக்சஸ் சட்டப்படி தன் வரியில் ஒரு பங்கை மற்ற பள்ளிகளுக்காக மாநிலத்திடம் கொடுத்தாக வேண்டும்.

இந்த ஊரில் எனக்குப் பிடித்தவர் எட்னா ரீட் கிளேட்டன் டிவீஸ். டெக்சஸில் ஷெரிப்பாக, அதாவது கவுன்டியின் காவல் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1945-இல் முதலில் நியமனம், பிறகு தேர்தலிலும் வென்றார். துப்பாக்கி வைத்துக்கொள்ளவில்லை. செய்த கைது இரண்டே இரண்டு. உங்கள் பெயரில் இருக்கும் ஊருக்கு இப்படி ஒருவர் வாய்த்தது எனக்கு ஏனோ சந்தோஷம்.

சரி, சண்டைக்கு வருவோம். 64 பேர் இருந்தாலும் ஒரு கவுன்டி நீதிபதி, நான்கு கமிஷனர்கள், ஷெரிப், எழுத்தர், பொருளாளர் எல்லாரும் வேண்டும். அதாவது ஊரில் ஒரு நல்ல பங்கு மக்களுக்கு கவுன்டியே முதலாளி. சம்பளம் எண்ணெய்ப் பணத்தில். அப்புறம் நாற்காலிக்குப் போட்டி இல்லாமல் இருக்குமா? ஐந்தாறு ஓட்டில் முடிவு மாறும் ஊர் அது.

2020 ஜனாதிபதித் தேர்தலில் அங்கே விழுந்த ஓட்டு 66. மக்கள் 64. இதை வைத்து மட்டும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கணக்கெடுப்பில் தனி ஆட்களை அடையாளம் காண முடியாதபடி எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள். ஆகவே 64 என்பதே ஏறத்தாழத்தான். ஆனால் வெளியூரில் குடியிருந்துகொண்டு இங்கே ஓட்டுப் போடுகிறார்கள் என்ற வழக்கு வருடக்கணக்காக இழுக்கிறது. சட்டம் சொல்வது இதுதான்: தற்காலிகமாக எங்கே போனாலும் எந்த வீட்டுக்குத் திரும்பி வர நினைக்கிறீர்களோ, அதுவே உங்கள் இருப்பிடம். திரும்பி வர நினைப்பதை எந்த அதிகாரி போய்ப் பார்ப்பது?

உங்கள் காலத்தில் வேலியில்லாத வெளியில் எந்த மாடு எங்கே மேய்ந்தாலும், விலாவில் போட்ட சூட்டுக்குறியைப் பார்த்து இன்னார் பண்ணையுடையது என்று பிரித்துவிடுவீர்கள். 1893-இலும் சரி, இப்போதும் சரி, இங்கே தகராறு அந்தக் குறியைப் பற்றித்தான். நேரம் கிடைத்தால் ஒரு தடவை பேகோஸ் கரையில் நின்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணக்கில் வராத ஒரு வெளியூர்க்காரன்