பிரஸ் ஷாப்புக்குப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

திங்கட்கிழமை கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரப்போகிறாய் என்று அக்கா நேற்று ராத்திரி போனில் சொன்னாள். என்ன மெஷின் என்று கேட்டேன். "ஏதோ தகடு வெட்டுற மெஷினாம்" என்றாள். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. நேரில் வந்தே சொல்லலாம்தான். ஆனால் உன்னை மாதிரி எத்தனையோ பிள்ளைகள் இந்த மாதம் பவர் பிரஸ், அதாவது தகட்டை அடித்து வெட்டுகிற மெஷின் முன்னால் போய் உட்காரப்போகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

நீ அடிக்கப்போவது மோட்டார் ஸ்டாம்பிங், மின்மோட்டாருக்குள் வைக்கிற தகடு. அரை மில்லிமீட்டர் கனமுள்ள சிலிக்கான் ஸ்டீல் தகட்டை வட்டமாக வெட்டி, சுற்றிலும் பல்வரிசை மாதிரி துளை போடுவாய். நூறு மில்லிமீட்டர் உயரத்துக்கு அப்படி 200 தகடு அடுக்கினால் ஒரு கோர், மோட்டாருக்குள் இருக்கிற இரும்புக் கட்டு. ஒரே கட்டி இரும்பாகச் செய்தால் என்ன என்று நானும் முதல் வாரம் கேட்டேன். கட்டி இரும்பில் மின்சாரம் உள்ளுக்குள்ளேயே சுழன்று சூடாகிவிடும். அதனால்தான் தகடு தகடாக, ஒவ்வொன்றின் மேலும் மின்சாரம் கடக்காத பூச்சோடு அடுக்குகிறோம். தகட்டை வெட்டுகிற அச்சுதான் டை. அது மழுங்கினால் வெட்டிய ஓரத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு பூச்சைக் கிழித்துப் பக்கத்துத் தகட்டைத் தொட்டுவிடும், மோட்டார் சூடேறும், ஒரு நாள் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கருகும். நகத்தை ஓரத்தில் மெதுவாக ஓட்டிப் பார். தட்டினால் டையைச் சாணைக்கு அனுப்பச் சொல். வாயைத் திறந்து சொல், பயப்படாதே.

1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் நம்முடையது. அந்த வரிசையில் நீயும் ஒரு ஆள் என்று நினைத்துக்கொள். உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர்வெல்லில் தண்ணீர் வந்து தொட்டியில் கொட்டியபோது, அந்த மோட்டாருக்குள் இருப்பது எங்கள் ஷாப்பில் அடித்த தகடு என்று தெரிந்து வெகுநேரம் அங்கேயே நின்றிருக்கிறேன். வேலை நல்ல வேலை, மாப்பிள்ளை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சின்ன வயசில் என் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு, "மாமா, எலி கடிச்சிருச்சா?" என்று கேட்பாய். ஆமாம் என்பேன். நகம் இருந்த அந்தக் கணு எங்கே போனது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

2011-இல் நடந்தது. அது காலால் பெடல் மிதிக்கிற பழைய பிரஸ். பெடலை மிதித்தால் ஒரு சாவி விழுந்து, சுற்றிக்கொண்டே இருக்கிற பிளைவீல் சக்கரத்தையும் கிராங்க் தண்டையும் கோத்துவிடும். இதுதான் சாவி கிளட்ச். மேலிருந்து அடிக்கிற ராம் இறங்கி, வெட்டி, திரும்ப மேலே போய் நிற்கும். கோத்த பிறகு நடுவில் நிறுத்த வழியே கிடையாது. காலை எடுத்தாலும், சுவிட்சை அணைத்தாலும் அந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அன்றைக்குச் சின்ன பீஸ். கையை டைக்குள் விட்டு எடுத்தால் சீக்கிரம் ஆகும் என்று முன்னால் இருந்த கம்பித் தடுப்பைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். காலையிலிருந்தே ஓரிரு தடவை ராம் தானாக டபுள் அடித்தது, ஒரு மிதிக்கு இரண்டு தடவை இறங்கியது. சொன்னேன். "லோடு போகட்டும், சாயங்காலம் பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். ஆள் வராததால் இரண்டாவது ஷிப்டுக்கும் நானே நின்றேன். ராத்திரி ஏழரை மணி இருக்கும். மிதித்தேன், அடித்தது, பீஸை எடுக்கக் கையை விட்டேன். கால் பெடலிலேயே இல்லை. ராம் இன்னொரு தடவை இறங்கியது. சாவியைத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங் உடைந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. கட்டைவிரல் அளவு ஸ்பிரிங்.

வலி உடனே தெரியவில்லை. தகட்டின் மேல் எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து ஓடியதுதான் முதலில் கண்ணில் பட்டது.

ஆகவே ஷிப்ட் தொடங்கும்போது தகடு வைக்காமல் பத்து தடவை வெறுமனே அடித்துப் பார். ஒரே ஒரு தடவை டபுள் அடித்தாலும் மெயினை அணைத்துவிட்டு எழுந்து வா. ராம் மேலே போய் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சறுக்கினால் பிரேக் தேய்ந்திருக்கிறது, அதுவும் அதே கணக்குதான். பீஸை எடுக்க இடுக்கியோ காந்தமோ கேட்டு வாங்கு. தகடு சிக்கினால் மோட்டாரை அணைத்த பிறகும் பிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு அடி அடிக்கிற பலம் அதில் மிச்சம் இருக்கும். அது முழுசாக நிற்கிற வரைக்கும் காத்திரு. ராமுக்குக் கீழே கட்டை கொடுத்த பிறகுதான் கை. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் மாட்டியிருக்கிறோம், பயமில்லை என்று யாராவது சொன்னால், அது எந்த கிளட்ச் என்று கேள். நடுவில் நிறுத்தக்கூடிய ஏர் கிளட்ச் மெஷினில்தான் சென்சாருக்கு அர்த்தம். சாவி கிளட்சில் அது விளக்கு எரிவதோடு சரி. இரண்டு கைப் பட்டன் உள்ள மெஷினில் ஒரு பட்டனைக் கம்பி கட்டி அமுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் அந்த மெஷினில் உட்காராதே.

மெஷினுக்குத் தடுப்பு வைக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். யாரும் நமக்குச் செய்கிற தயவு இல்லை அது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம் என்று சொன்னதும் அதே சட்டம்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேறி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றார்களே, நினைவிருக்கிறதா? அந்த வாரம் டிவி முன்னால் நான் ஏன் அப்படிக் கோபப்பட்டேன் என்று உனக்கு இப்போது புரியும். எட்டு மணி நேரம் வரைக்கும் கை நம் சொல் கேட்கும். அப்புறம் பழக்கத்தில்தான் ஓடும். பழக்கத்தில் ஓடுகிற கை ராமைப் பார்க்காது.

அப்புறம் இ.எஸ்.ஐ., தொழிலாளிக்கான அரசு காப்பீடு. முதல் நாளே உன் நம்பரைக் கேட்டு வாங்கிப் போனில் போட்டோ எடுத்து வை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் அதில் உனக்குப் பாதுகாப்பு உண்டு, இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் வேலையில் பட்ட அடிக்குக் கிடையாது. எனக்கு இது தெரியவில்லை. என் பெயரை எழுதாமலே நான்கு மாதம் வேலை வாங்கியிருந்தார்கள். வீட்டில் கதவில் நசுங்கியது என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அந்தப் பொய்க்காக இன்றைக்கும் மனசு அறுத்துக்கொண்டிருக்கிறது. உன்னிடம் அப்படி யாராவது கேட்டால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு. வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

டையை மெஷினில் பொருத்துகிற டை செட்டர் யாரென்று பார்த்து வை. வயசானவராக இருப்பார், அதிகம் பேசமாட்டார். டீ வாங்கிக் கொடுத்து அவர் பக்கத்தில் நில். மேலிருந்து இறங்கி வெட்டுகிற பஞ்ச்சுக்கும் கீழே இருக்கிற டைக்கும் நடுவில் எவ்வளவு சந்து விடுகிறார், முதல் பீஸை எடுத்து எதைப் பார்க்கிறார் என்று கவனி. இரண்டு வருடத்தில் நீ டை கட்டுகிற ஆளாகிவிடலாம். உனக்குக் கண் நல்ல கண்.

பெரியாத்தா போட்டுவிட்ட மோதிரத்தையும் கையில் கட்டியிருக்கிற கோயில் கயிற்றையும் திங்கட்கிழமை காலை கழற்றி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. சாயங்காலம் போன் பண்ணு. எத்தனை டன் பிரஸ், என்ன கிளட்ச், தடுப்பு மாட்டியிருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டு வந்து சொல்.

உன் மாமா