பழைய எக்செல்லிலும் இயங்கும் படிவம் வேண்டி, தலைமை அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

கணக்குப் பிரிவில் படிவங்கள் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மாதச் செலவுப் படிவம் குறித்துக் கிளைகள் எழுதிய கடிதங்கள் உங்கள் மேசையில் இருக்கும் என்பதால், பழங்கதையை மீண்டும் தொடங்கவில்லை. கிளைக் கணினிகளில் இருப்பது எக்செல் 2003. படிவத்தை ‘எக்செல் 97-2003 டெம்ப்ளேட்’ (பழைய பதிப்புகளும் திறக்கக்கூடிய மாதிரிக் கோப்பு) வகையில் சேமித்து, அந்தப் பழைய பதிப்பிலேயே ஒருமுறை நிரப்பிப் பார்த்த பிறகு அனுப்புங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் வந்தது எக்ஸ்எல்டிஎக்ஸ் கோப்பு. அது 2007 பதிப்போடு வந்த வகை என்பதால் எங்களிடம் திறக்கவில்லை. சொன்னதும் வகையை மாற்றி அனுப்பினீர்கள், நன்றி. அந்தக் கோப்பு திறந்தது, தொடக்க இருப்புகளும் மொத்தங்களும் ஒழுங்காகவே தெரிந்தன. ஆனால் கணக்கு முடிக்கும் மாலையில் முதல் செலவுத் தொகையைத் தட்டி என்டரை அழுத்தியதுமே, தலைப்புவாரி மொத்தங்கள் அத்தனையும் ‘#நேம்?’ என்ற பிழைச் செய்தியாக மாறின; சூத்திரத்தில் உள்ள பெயர் எக்செல்லுக்குத் தெரியவில்லை என்பது அதன் பொருள். சூத்திரப் பட்டையில் பார்த்தால், சம்இஃப்ஸ் என்பதற்கு முன்னால் ‘_எக்ஸ்எல்எஃப்என்’ என்று, அந்தப் பதிப்பு அறியாத சார்புக்கான அடையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. நிபந்தனைகளுக்குப் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ், பிழை வந்தால் மாற்று விடை காட்டும் இஃப்எரர் இரண்டும் 2007இல் வந்த சார்புகள் (எக்செல்லிலேயே அமைந்த தயார் கணக்கீடுகள்). கடைசியாகக் கணக்கிட்ட விடையைக் காட்டத்தான் 2003க்குத் தெரியுமே தவிர, புதிதாகக் கணக்கிடத் தெரியாது. அன்றிரவு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இருவர் மொத்தம் போட்டோம். மறுநாள் காலையில், தாமதத்துக்கு விளக்கம் கேட்டு உங்களிடமிருந்தே கடிதம் வந்தது.

சேமிக்கும்போது, பழைய பதிப்பில் இயங்காதவற்றைக் கண்டறியும் பொருந்துமைச் சரிபார்ப்பி இந்தச் சார்புகளைச் சுட்டிக்காட்டி எச்சரித்திருக்கும். ‘தொடர்க’ என்ற பொத்தான் அருகிலேயே இருப்பதுதான் வினை போலும். சம்இஃப்ஸ் செய்வதைச் சம்புராடக்ட் செய்யும். இஃப்எரருக்குப் பதில் இஃப், ஈஸ்எரர் இரண்டையும் சேர்த்து எழுதலாம். மதிப்புக்கு ஏற்பக் கட்டங்களின் நிறத்தை மாற்றும் நிபந்தனை வடிவமைப்பில் 2003 மூன்று நிபந்தனைகளுக்கு மேல் ஏற்காது என்பதால், அந்த வானவில் நிறங்களையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குறையைச் சொன்ன பிறகு மூன்றாம் முறையாக வந்ததும் அதே பழுதுள்ள கோப்புதான். சேமிக்கும் வகையை டெம்ப்ளேட் என்று மாற்றியவுடன் எக்செல் தன் டெம்ப்ளேட் அடைவுக்குத் தாவிவிடும். திருத்திய கோப்பு அங்கேயே தங்கிவிட, நீங்கள் வழக்கமான அடைவில் கிடந்ததை எடுத்து அனுப்பியிருக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு கருதுகிறோம்.

‘மென்பொருளைப் புதுப்பியுங்கள்’ என்று தொலைபேசியில் ஒருவர் அறிவுரை சொன்னார். அதற்கு நிதி கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியதும் உங்கள் அலுவலகம்தான்; காரணம், ‘இருப்பதே போதுமானது’. அப்படியானால் அந்த இருப்பதற்கு ஏற்ற படிவத்தையாவது தாருங்கள்.

அடுத்த மாதக் கணக்குக்கு முன்னதாக, 97-2003 டெம்ப்ளேட்டாகச் சேமித்து, 2003இல் திறந்து, ஒரே ஒரு தொகையைத் தட்டி, மொத்தம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிளை அலுவலகக் கணக்கர்கள்