மதிய நேர டம்ப்ளிங்: சூப் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் நகர மையத்து அலுவலகக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ள சீன டம்ப்ளிங் உணவகத்தில் அண்மையில் பரிமாறப்பட்ட மதிய உணவு பெரிய ஏமாற்றம். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவே 'செட் லஞ்ச்' விற்கும் எந்தக் கடையிலும் இந்தக் கோளாறு வரலாம். திருத்தக்கூடிய கோளாறு என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கூடையில் ஆறு சியாவ்லோங்பாவ்: மெல்லிய மாவுத்தோலில் இறைச்சிப் பூரணம் வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் டம்ப்ளிங், கடித்தால் உள்ளே சூப் இருக்க வேண்டும். நான்கின் அடி தாளோடு ஒட்டிக் கிழிந்து, சாறெல்லாம் தாளில் ஊறிக் கிடந்தது. மற்ற இரண்டில் மடிப்புகள் சேரும் உச்சி விறைத்திருந்தது. உள்ளே வெதுவெதுப்பாக ஒரு தேக்கரண்டி சூப்கூடத் தேறவில்லை.

இந்தச் சூப்பை யாரும் உள்ளே ஊற்றி மூடுவதில்லை. பன்றித் தோலை இரண்டு மணி நேரம்போலக் கொதிக்கவிட்டு, வடித்த சாற்றைக் குளிரவைத்தால் அது பாளமாக உறையும். தோலிலிருந்து இறங்கும் ஜெலட்டின்தான் காரணம். அந்தப் பாளத்தைப் பொடியாகக் கொத்தி, இறைச்சிப் பூரணத்தோடு கலந்து மாவில் வைத்து மடிக்கிறார்கள். ஆவி பட்டதும் உருகிச் சூப்பாகிவிடும். ஷாங்ஹாயின் நான்சியாங் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த பண்டம் இது. தைவானில் தொடங்கி இங்கும் கிளை பரப்பியுள்ள தின் தை ஃபங், ஒன்றுக்கு 5 கிராம் மாவு, 16 கிராம் பூரணம், 18 மடிப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது. 5 கிராம் என்றால் எவ்வளவு மெல்லியது என்பது சப்பாத்தி தேய்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஒரு சப்பாத்தி உருண்டையில் ஏழெட்டுத் தோல் வந்துவிடும்.

அவ்வளவு மெல்லிய தோல் வெந்தபின் சில நிமிடமே தாங்கும். அடுப்பிலிருந்து இறக்கிவைத்தால் குளிர்சாதனக் காற்றில் உச்சி காயும். உள்ளிருக்கும் சூப்பை அடித்தோல் குடித்துவிடும். இறக்காமல் இளஞ்சூட்டு ஆவியிலேயே விட்டுவைத்தால் தோல் ஊறிப் பசையாகித் தாளைப் பிடித்துக்கொள்ளும். மடித்து வைத்ததை வேகவைக்க 6 முதல் 8 நிமிடம் போதும். கூட்டத்துக்கு அஞ்சி முன்கூட்டியே கூடை கூடையாக வேகவைத்து அடுக்கினால், மேலே சொன்ன இரண்டு கேடும் சேர்ந்தே வரும்.

எங்கே பிசகியது என்பதைச் சாப்பிடுகிறவரே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உச்சி காய்ந்து அடி நைந்திருந்தால் வெகுநேரம் காத்திருந்த கூடை. தோல் நன்றாக இருந்தும் அடி மட்டும் ஈரமாகக் கிழிந்தால், உறைய வைத்ததை வெளியே எடுத்து இளகவிட்டிருக்கலாம். உறைந்ததை இளகவிடாமல் அப்படியே ஆவியில் ஏற்றுவதுதான் முறை. எங்கும் கிழியாமலே சூப் இல்லை என்றால் பூரணத்தில் உறைசாறு குறைவு.

மூடியையும் கவனிக்க வேண்டும். இட்லிப் பானை மூடியில் சேரும் நீர் இட்லிமேல் சொட்டினால் மேற்புறம் கொழகொழப்பாகிவிடும் என்பது நம் வீடுகளில் தெரிந்ததுதான். மூங்கில் கூடையின் பின்னல் மூடி அந்த நீரைக் குடித்து, மிச்ச ஆவியை வெளியே விட்டுவிடும். எஃகு மூடி அப்படியே சொட்டும். இந்தக் கடையில் மேசைக்கு வந்தது மூங்கில் கூடை. சமையலறை அடுக்கில் இருந்ததெல்லாம் எஃகுத் தட்டு, எஃகு மூடி.

இதைவிட வருத்தம் தந்தது, கொதிநீரில் வேகவைத்த ஜியாவ்ஸி (சூப் இல்லாத சாதாரண டம்ப்ளிங்), ஆவியில் அவித்தது, வாணலியில் பொரித்தது மூன்றுக்கும் ஒரே தோலைப் பயன்படுத்தியது. கொதிநீரில் போடும் ஜியாவ்ஸிக்குப் பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவு வேண்டும். 300 கிராம் கோதுமை மாவுக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் தண்ணீர், பிசைந்தபின் ஈரத்துணி மூடி அரை மணி நேரம் ஓய்வு. அதில் உருவாகும் பசைப்புரதம்தான் (குளூட்டன்) கொதிப்பில் தோலைக் கிழியாமல் காக்கிறது. ஆவியில் அவிப்பதற்குக் கொதிநீர் ஊற்றிப் பிசைந்த மாவு. கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் விடுகிறோமே, ஏறக்குறைய அதே வித்தை: மாவுச்சத்து பாதி வெந்துவிடும், கோதுமையில் பசைப்புரதம் வலுப்பெறாது, தோல் மென்மையாக இருக்கும். பச்சைத் தண்ணீர் மாவை ஆவியில் வைத்தால் ஆறியதும் ரப்பர்போல இழுபடும். கொதிநீர் மாவைத் தண்ணீரில் போட்டால் கரைந்து நையும். அன்று ஆவியில் அவித்தது ரப்பராகத்தான் இருந்தது. தோலையும் நடுவே தடிப்பாக, விளிம்பில் மெல்லிதாகத் தேய்க்க வேண்டும்; இயந்திரத்தில் வெட்டிய ஒரே தடிமன் வட்டத்தை மடித்தால் விளிம்பு இரட்டித்து வேகாமல் நிற்கும்.

முட்டைகோஸ் பூரணம் நீர்த்திருந்தது. நறுக்கிய கோஸில் உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்துப் பிழியாததன் விளைவு. இறைச்சியோ சக்கையாக இருந்தது. அரை கிலோவுக்கு 100 மில்லிலிட்டர் அளவுக்கு இஞ்சி, வெங்காயத்தாள் ஊறிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரே திசையில் பிசுபிசுப்பு வரும்வரை கிண்டினால்தான் இறைச்சி நீரைப் பிடித்துக்கொள்ளும்.

குவோதியே எனப்படும் பொரித்த வகை அடியில் மொறுமொறுப்பாகவும் மேலே மென்மையாகவும் இருக்க வேண்டும். சூடான எண்ணெயில் வரிசையாக அடுக்கி, டம்ப்ளிங்கின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி மூடி, நீர் வற்றியபின் மூடியைத் திறந்து அடி சிவக்கவிட வேண்டும். இங்கே பொரித்ததை மூடிபோட்ட தட்டில் கொண்டுவந்ததால் மொறுமொறுப்பு போயே போய்விட்டது. தொட்டுக்கொள்ள வெறும் வெள்ளைக் காடி (வினிகர்). சீனாவின் ஜென்ஜியாங் கருங்காடியும் நூலாக நறுக்கிய இஞ்சியும் இல்லாமல் கொழுப்பு நாக்கிலேயே தங்கிவிடுகிறது.

நம் வாசகர்களுக்கு முக்கியமான ஒன்று. 'சைவ டம்ப்ளிங்' என்று பட்டியலில் இருந்ததை இறைச்சி டம்ப்ளிங்கோடு ஒரே கூடையில், ஒரே தாளில் வைத்துத் தந்தார்கள். அப்படிச் செய்தால் பக்கத்தில் கிழிந்ததன் சாறு இதில் ஊறத்தான் செய்யும். பூரணத்தில் சிப்பிச் சாறு உண்டா, ஜியாவ்ஸி வேகும் தண்ணீர் தனியா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சீன பௌத்த சைவ உணவகங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை என்பதால் சைவர்களுக்கு அங்கே கவலை குறைவு. 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற அட்டை முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் வழங்கும் ஹலால் சான்றிதழ் ஆகாது என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். அவர்களை அழைத்துச் செல்லும் நண்பர்களும் அறிந்திருக்க வேண்டும்.

பட்டியலில் 12 வெள்ளி 80 காசு என்றிருந்த செட், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்து 15 வெள்ளி 35 காசு ஆனது. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் வரி சேர்க்காத விலையைக் காட்ட விதி இடம் தருகிறது, அதில் குறை சொல்வதற்கில்லை. கேட்காமலே வைத்த ஈரத்தாளும் வேர்க்கடலையும் தனிக் கணக்கு. வேண்டாமென்றால் தொடாமல் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உணவகங்களிடம் கேட்பது அதிகமில்லை. சியாவ்லோங்பாவை மதிய செட்டிலிருந்து எடுத்துவிட்டு, சொன்னபின் வேகவைத்துத் தருவதாகவும் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றும் பட்டியலில் எழுதிவைக்கலாம். காத்திருக்க முடியாதவர்களுக்குச் சூப்பில் மிதக்கும் சிறு டம்ப்ளிங்கான வான்டான் அல்லது கொதிநீர் ஜியாவ்ஸி இருக்கட்டும். இவை சில நிமிடத்தில் வெந்துவிடும், தாமதத்தையும் ஓரளவு தாங்கும். சைவத்துக்குத் தனிக் கூடை. வாடிக்கையாளர்களும் கூடை வந்ததும் படமெடுத்துக்கொண்டிராமல் உடனே எடுத்துக் கரண்டியில் வைத்து, தோலில் சிறு துளை கடித்துச் சூப்பை உறிஞ்சிச் சாப்பிட வேண்டும்.

சூப் இல்லாத கூடையைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். வேறு புதுக் கூடை தருவதுதான் முறை. அன்று செய்ததுபோல் அதே கூடையை மறுபடி ஆவியில் ஏற்றிக் கொண்டுவந்தால், வடிந்த சூப் உள்ளே திரும்பப்போவதில்லை. மிச்சமிருந்த அடித்தோலும் கரைந்துபோகும்.

இப்படிக்கு,
சமையல் துறை வாசகர்,
ஈசூன்