அசல் சான்றிதழைத் திருப்பிக் கொடுங்கள்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் ஓஎம்ஆரிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களின் மனிதவளத் துறை நண்பர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே வேலைவாய்ப்புப் பிரிவையும் பார்த்துக்கொள்கிறவன் நான். வருஷா வருஷம் உங்களுக்குப் போன் போட்டு, "எங்க பிள்ளைங்களையும் ஒரு தடவை பாருங்க மேடம்" என்று கெஞ்சுகிற ஆள். உங்களோடு சண்டை போடும் வசதி எனக்குக் கிடையாது. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேட்பது ஒன்றுதான். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தச் சான்றிதழ், எந்த பீரோ என்றெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை, சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

போன மாதம் உங்களில் ஒருவர் எங்கள் கல்லூரிக்கு வந்து, இறுதியாண்டு மாணவர்களுக்கு முதல் வேலை பற்றிப் பேசினார். நல்ல பேச்சுதான், குறை சொல்ல மாட்டேன். நேரத்துக்கு வாருங்கள், தெரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள், முதல் இரண்டு வருஷம் சம்பளத்தைப் பார்க்காமல் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் மேல் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் நடுவே நம்பிக்கை வேண்டும் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், பொன்னாடை போர்த்தியதும் நான்தான். ஆனால் அவருடைய நிறுவனத்தில்தான் எங்கள் பழைய மாணவி ஒருத்தி வேலை பார்க்கிறாள். அவளுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டிசி, பட்டச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அவர்கள் அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கின்றன. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

அந்தப் பெண்ணின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். செஞ்சி பக்கம் ஒரு கிராமம், அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் முதல் பட்டதாரி இவள். வேலைக்குச் சேர்ந்த அன்று "வெரிஃபிகேஷனுக்கு" என்று சொல்லி ஃபைலை வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்குக் கொடுத்தது கால் பக்கத் தாள், அதில் ஒரு கையெழுத்து, சீல் கிடையாது, என்னென்ன வாங்கினோம் என்ற பட்டியல் கிடையாது. இரண்டு வருஷ பாண்ட். இடையில் போனால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். கையில் வரும் சம்பளம் 14,000 சொச்சம்.

சேர்வதற்கு முன்பே அவள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதியிருந்தாள். தேர்ச்சி பெற்று, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பும் வந்தது. அங்கே அசலைக் காட்டியாக வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. இவள் போய் ஒரு நாளைக்கு மட்டும் ஃபைலைக் கேட்டிருக்கிறாள். "பாண்ட் அமவுண்டைக் கட்டிட்டு வாங்கிக்கோ" என்று பதில். அழுது, கெஞ்சி, டீம் லீட் ஒருவர் நடுவில் புகுந்து பேசி, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். என்ன தெரியுமா? ஃபைலை ஆபீஸ் பையன் ஒருவர் கையில் கொடுத்து அவளோடு அனுப்பினார்கள். பிராட்வே பக்கம் இருக்கும் டிஎன்பிஎஸ்சி அலுவலக வாசலில் வைத்து அவர் ஃபைலை இவளிடம் கொடுத்தார். உள்ளே போய்ச் சரிபார்ப்பு முடித்து வெளியே வந்ததும் எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். போக வர ஆட்டோ காசு, மதியச் சாப்பாடு, எல்லாம் இவள் செலவு. "அந்த அண்ணனுக்கே சங்கடமா இருந்துச்சு சார், என் முகத்தைப் பார்க்கவே இல்ல" என்றாள். தான் படித்து வாங்கிய மதிப்பெண் பட்டியலைப் பரோலில் கூட்டிக்கொண்டு போவது போல ஒரு பெண் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறாள், இந்த ஊரில், இந்தக் காலத்தில்.

இதோடு முடிந்திருந்தால்கூட பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இப்போது அவளுக்கு இளநிலை உதவியாளர் பணி ஒதுக்கீடு வந்துவிட்டது. அடிப்படைச் சம்பளமே 19,500. பணியில் சேரும்போது மறுபடியும் அசல் வேண்டும், குறிப்பிட்ட தேதிக்குள் சேரவும் வேண்டும். உங்கள் நண்பரின் அலுவலகமோ மெயிலுக்குப் பதில் போடுவதில்லை. இடையில் யாரோ அவளுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள்: சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று காவல்துறையில் ஆன்லைன் புகார் பதிந்துவிட்டு டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பித்துவிடு என்று. "தொலையலையே சார், எங்க இருக்குன்னு தெரியுமே, பொய் சொல்லி அரசாங்க வேலையில சேரணுமா?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள். தவிர, டூப்ளிகேட் என்ன மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுமா? பள்ளி ஒரு பக்கம், தேர்வுத் துறை ஒரு பக்கம், பல்கலைக்கழகம் ஒரு பக்கம் என்று அலைந்து முடிப்பதற்குள் பணியில் சேரும் தேதி போய்விடும்.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, ஆறு மாதத்தில் பக்கத்துக் கட்டடத்தில் இரண்டாயிரம் அதிகம் என்று ஓடிவிடுகிறார்கள் என்பீர்கள். உண்மைதான், ஓடுகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் பையன்களால் எனக்கே உங்களிடம் தலைகுனிவு வந்திருக்கிறது. சரி, அதற்குத்தான் பாண்ட் எழுதி வாங்குகிறீர்களே. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சொன்னது. அது பொதுத்துறை வங்கி, அறிவிப்பு வெளியிட்டு அகில இந்திய அளவில் ஆள் எடுக்கும் செலவு அதற்கு உண்டு, வழக்குப் போட்டவர் சாதாரணப் புதுமுகமும் இல்லை, அதிகாரி. அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. நஷ்டம் என்றால் நீதிமன்றம் போங்கள், ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவுப்படி நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைக் கேளுங்கள். ஆனால் நீங்கள் போக மாட்டீர்கள். போனால் என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். ஆறு மாதம் முன்னால் சேர்ந்த பையன் இரண்டு வாரம் பவர்பாயிண்ட் போட்டுக் காட்டியதற்கு ஒன்றரை லட்சம் என்று எப்படிச் சொல்வது? அதைவிட பீரோ சாவி சுலபம்.

சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அதன் மேல் யாரும் பிணை உரிமை கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கல்லூரிகள் மாணவர்களின் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் அறிவிப்பே வெளியிட்டது (எல்லாக் கல்லூரியும் கேட்டுவிட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள், அது இன்னொரு மடல்). போலிச் சான்றிதழ் பயம் என்றால் அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே கையில் கொடுங்கள். இன்னும் சந்தேகமா, பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டி எழுதினால் உண்மைத்தன்மையைச் சரிபார்த்துச் சொல்கிறார்கள். பட்டம் உண்மையா என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் அதைப் பூட்டி வைத்தால்தான் முடியும் என்பது என்ன ஆராய்ச்சி முறையோ.

பேச்சு வந்துவிட்டது, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வளாகத் தேர்வில் சிடிசி, அதாவது ஒரு ஆளுக்கு நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, என்று ஒரு எண்ணைச் சொல்கிறீர்கள். நிறுவனம் போட வேண்டிய 12 சதவீத பிஎஃப் அதற்குள்ளேயே, பிள்ளையிடம் பிடிக்கும் 12 சதவீதமும் அதற்குள்ளேயே, பணிக்கொடையான கிராஜுவிட்டியும் அதற்குள்ளேயே. இரண்டு வருஷம்கூட ஒரு பிள்ளை இருக்காது என்று பயந்துதான் பாண்ட் வாங்குகிறீர்கள், ஆனால் வழக்கமாக ஐந்து வருஷம் இருந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டியைச் சம்பளத்தில் சேர்த்துக் காட்டுகிறீர்கள், இந்தக் கணக்கை எங்கள் கணிதத் துறையில் யாருக்கும் போடத் தெரியவில்லை. விலகுகிறவர் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும், நீங்கள் அனுப்புவதென்றால் மதியம் மீட்டிங், மாலை லேப்டாப்பை வைத்துவிட்டுப் போ. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும், விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. படித்தீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று யாராவது கேட்கலாம். கொடுக்கலாம். ஆனால் அவளுக்கு ரிலீவிங் லெட்டரும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும், தேதியும் ஓடிக்கொண்டிருக்கிறது. புகார் கொடுத்தால் மொத்தமும் இழுத்துவிடும் என்று அவள் அப்பா பயப்படுகிறார். அந்தப் பயம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் மெயிலுக்குப் பதில் போடாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நானும் வகுப்பில் அறிவுரை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் இப்படித்தான் சொல்லப்போகிறேன்: அசலைக் காட்டு, கையோடு திரும்ப வாங்கு. வைத்துவிட்டுப் போ என்றால், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒவ்வொரு சான்றிதழின் எண்ணையும் எழுதி, எதற்காக வாங்குகிறோம், எந்தத் தேதியில் தருவோம் என்று சீலோடு கேள். தரமாட்டார்கள் என்றால் அந்த வேலை வேண்டாம், ஊருக்கு வா, வேறு பார்ப்போம். சம்பளச் சீட்டை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வாங்கி, பிஎஃப் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று உமாங் செயலியில் பார். நேரத்துக்குப் போ, வேலையைக் கற்றுக்கொள் என்பதையும் சொல்வேன், அதில் உங்கள் நண்பரோடு எனக்குத் தகராறு இல்லை. நீங்கள் மனம் வைத்தால் முதல் பாதியைச் சொல்லாமலே விட்டுவிடலாம்.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் அசலைப் பார்த்த உடனே திருப்பிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. மற்றவர்களைத் தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். சேரும் நாளில் நிரப்பச் சொல்லும் படிவத்தில் "அசல் சான்றிதழ்கள் ஒப்படைப்பு" என்ற வரியை எடுத்துவிடுங்கள். பீரோவில் இருப்பவற்றை உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். செஞ்சிப் பெண்ணின் ஃபைல் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: இந்த வாரத்துக்குள் வேண்டும். கூரியரில் போட வேண்டாம், அவளே நேரில் வருவாள். எண்ணிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆசிரியர்