‘சின்ன மாற்றம்தானே?’ – சிறு மென்பொருள் குழுக்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு மென்பொருள் குழுக்களை நடத்தும் மேலாளர்களுக்கும் நிறுவனர்களுக்கும்,

வணக்கம்.

ஐந்து பேர் இருக்கும் ஒரு குழுவில் நான் டெவலப்பர். பேருக்குத்தான் டெவலப்பர், ஒரு நாள் டெஸ்டிங், ஒரு நாள் வாடிக்கையாளர் அழைப்பு, சர்வர் படுத்துவிட்டால் அன்றைக்கு அதுவும் நான்தான். அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. காலையில் ஒரு பயனர் சொன்ன குறையைச் சாயங்காலத்துக்குள் சரிசெய்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிற சுகம் சிறு குழுவில்தான் கிடைக்கும். நான் எழுத வந்தது வேறு விஷயம். நாங்கள் செய்கிற வேலையில் எது கணக்கில் ஏறுகிறது, எது ஏறுவதில்லை என்பதைப் பற்றி.

“சின்ன மாற்றம்தானே, அரை மணி நேரம் ஆகுமா?” மாதத்துக்கு நான்கைந்து முறையாவது இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர் மேல் தப்பில்லை. திரையில் பார்த்தால் அது சின்னதாகத்தான் இருக்கும்.

எங்கள் பதிவுப் படிவத்தில் கைபேசி எண் கட்டாயமாக இருந்தது. எண் கொடுக்க விருப்பமில்லாதவர்கள் பாதியிலேயே போய்விடுகிறார்கள், அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள் என்றார் மேலாளர். நியாயமான கோரிக்கை. ஒரு நட்சத்திரக் குறியை எடுக்க வேண்டும், ஒரு வரிச் சரிபார்ப்பை நீக்க வேண்டும், அவ்வளவுதான். “மதியத்துக்குள் முடிந்துவிடும்” என்று வாய் கொடுத்தது நான்தான். சொன்னபடி முடித்தும்விட்டேன். எண் இல்லாமல் ஒரு கணக்கு திறந்து பார்த்தோம், வேலை செய்தது. டெப்ளாய் செய்துவிட்டு, அதாவது பயனர்கள் கைக்குப் போகும்படி வெளியிட்டுவிட்டு, வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை வரிசையாகப் புகார். எண் கொடுக்காமல் முதலில் பதிவு செய்த ஒருவருக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. அவருக்கு அப்புறம் வந்த அத்தனை பேருக்கும் ‘இந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று பிழைச்செய்தி. எண்ணே கொடுக்காதவரிடம் போய்!

நடந்தது இதுதான். ஒரு எண்ணுக்கு ஒரு கணக்குதான் என்று தரவுத்தளத்தில் எப்போதோ ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தோம். படிவத்தில் எண் காலியாக வந்தால், மதிப்பே இல்லை என்று குறிக்காமல், வெறுமையான எழுத்துத் தொடராக எங்கள் நிரல் சேமித்தது. தரவுத்தளத்தின் கண்ணுக்கு அந்த வெறுமையும் ஒரு மதிப்புதான். முதல் ஆள் அதை எடுத்துக்கொண்டார், இரண்டாம் ஆளுக்கு இடமில்லை. மதிப்பு இல்லை என்றே விட்டிருந்தால் பெரும்பாலான தரவுத்தளங்கள் எத்தனை பேரை வேண்டுமானாலும் உள்ளே விட்டிருக்கும். டெஸ்டிங்கில் நாங்கள் திறந்தது ஒரே ஒரு கணக்கு. இன்னொன்றையும் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதைச் சரிசெய்தால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஆப்பின் பழைய பதிப்பு, எண் எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. எண் இல்லாத கணக்கைத் திறந்ததும் மூடிக்கொண்டது. இரவில் நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பும் நிரல், எண் இல்லாத முதல் ஆளிடம் வந்ததும் நின்றுவிட்டது. பட்டியலில் அவருக்குப் பின்னால் இருந்த யாருக்கும் அன்றைக்கு நினைவூட்டல் போகவில்லை. எல்லாம் முடிய மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு வேலையையும் பதிந்து வைக்கிற டிக்கெட்டில் மட்டும் இன்றைக்கும் ‘அரை நாள்’ என்றே இருக்கிறது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பதற்கு முன்னால், இது எதையெல்லாம் தொடும் என்று கேளுங்கள். அதைப் பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். “தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்பதும் ஒரு பதில்தான். அதைச் சொன்னால் திறமை இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நாங்கள் மதியத்துக்குள் முடிப்பதாகச் சொல்லிவிடுகிறோம்.

அப்புறம், யாருடைய டிக்கெட்டிலும் இல்லாத வேலைகள். ஒரு காலையில் எங்கள் தளமே திறக்கவில்லை. தளத்தை நம்பலாம் என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அது காலாவதியாகப் போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன, எட்டு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவருடைய முகவரிக்கு. அவர் போகும்போது மடிக்கணினியைத் திருப்பி வாங்கினோம், அடையாள அட்டையை வாங்கினோம். எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்று பார்ப்பது யார் வேலை என்று எங்கும் எழுதவில்லை.

இது சிறு குழுக்களுக்கு மட்டும் வருகிற கேடு என்று சொல்ல முடியாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், இரவு வெகுநேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணைத் தரவுத்தளத்தில் இருப்பதாக நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் நகல் இருக்குமே என்று பார்த்தால், தினமும் ஓட வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் ஓடாமலேயே இருந்திருக்கிறது. அது ஓடவில்லை என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களையும் பெறும் பக்கம் நிராகரித்திருக்கிறது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அதில் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம். அந்தப் பொறியாளரைக் கைகாட்டாமல், எது எப்படித் தவறியது என்று முழுவதையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். எங்கள் பேக்கப்பை நாங்கள் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தோம் என்று அதைப் படித்த அன்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை.

வேலை தலைக்கு மேல் போனால் ஆள் சேர்க்கலாம் என்பீர்கள். சேருங்கள், ஆனால் நெருக்கடிக்கு நடுவில் வேண்டாம். தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். ஐந்து பேருக்குள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் தொடர்புகள் 10. எட்டுப் பேரானால் 28. புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருப்பவர்தான்.

தினசரி ஸ்டாண்ட்-அப், அதாவது நின்றபடியே நடத்தும் குறுங்கூட்டம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் வழிகாட்டி அதற்கு 15 நிமிடம்தான் கொடுக்கிறது. நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கான கூட்டம் அது. நீங்கள் வந்து நின்றால் ஐந்து பேரும் உங்களைப் பார்த்து ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறோம், முக்கால் மணி நேரம் போய்விடுகிறது.

விடுப்பில் இருப்பவரைக் கூப்பிடுவது இன்னொன்று. எங்கள் சர்வர் விவரமெல்லாம் ஒருவர் தலைக்குள்தான் இருந்தது. மகளின் பள்ளி விழாவுக்குப் போயிருந்த அவரை அழைத்தோம். மேடையில் பாட்டு சத்தம், அவர் வராந்தாவுக்கு வந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கட்டளையைச் சொல்ல, “ஹைபன் ஒன்றா இரண்டா?” என்று நான் மூன்று முறை கேட்டேன். மகள் ஆடி முடித்து இறங்கிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. “அடுத்த தடவை எழுதி வைத்துவிடுகிறேன்” என்றுதான் சொன்னார். எழுதி வைக்க அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை, அதனால் அவர் எழுதி வைக்கவும் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து பேர், இரண்டு வாரத்தில் பத்து வேலைநாள், ஆக 50 ஆள்நாள். அதில் ஐந்தை இந்த மாதிரி வேலைகளுக்கென்று ஒதுக்குங்கள், மற்ற டிக்கெட்டுகளோடு அதே பலகையில், ஆள் பெயர் போட்டு. விடுப்பில் இருப்பவரைக் கூப்பிட வேண்டி வந்தால், எதற்காகக் கூப்பிட்டோமோ அது மறுநாள் ஒரு டிக்கெட் ஆகட்டும்.

கையில் மூன்று மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது, இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று சிலர் கேட்பீர்கள். அதுவும் உண்மைதான். முதல் தடவை எழுதிய நிரலை அப்படியே வெளியிடுவதை வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1992இல் கடன் வாங்குவதோடு ஒப்பிட்டார்: திருத்தி எழுதிச் சீக்கிரம் அடைத்துவிட்டால் கொஞ்சம் கடன் வேகம் கொடுக்கும். எனவே வாங்குங்கள். ஆனால் எதை விட்டுவிட்டோம் என்று கணக்கில் எழுதுங்கள். எங்கள் குழுவில் கடன் யார் யார் தலையிலோ இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

வருகிற திட்டமிடல் கூட்டத்துக்கு இரண்டு விஷயம் வைத்திருக்கிறேன். ஒன்று, எங்கள் பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டுப் பார்ப்பது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். இன்னொன்று, அந்தக் கைபேசி எண் டிக்கெட்டில் ‘அரை நாள்’ என்று இருப்பதை ‘மூன்று நாள்’ என்று திருத்துவது. இது நிஜமாகவே சின்ன மாற்றம்தான்.

இப்படிக்கு,
ஐந்து பேரில் ஒருவன்