அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு: தோல்வியடைந்த சோதனைக்கும் புள்ளி கொடுங்கள்

எங்கள் ரப்பர் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவர்களாக வரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

'கருதுகோள் (சோதித்துப் பார்க்க முன்வைக்கும் ஊகம்) நிரூபிக்கப்பட்டது' என்று எழுதிய அட்டைகளுக்கே பரிசு போகிறது. இதை மாற்றுங்கள். சோதனை சாதகமாக முடிந்தால் கருதுகோள் இம்முறை தப்பித்தது, அவ்வளவுதான். எந்த முடிவு வந்தால் தன் கூற்று பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லத் துணிவதே அறிவியலின் அடையாளம் என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934-இல் வாதிட்டார்.

'வினிகர் ரப்பர் பாலைக் கட்ட வைக்கும்' என்ற கருதுகோளை எடுத்துக்கொள்வோம். ஒரு மங்கில் (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணத்தில்) வினிகர் ஊற்றி, மறுநாள் கட்டிப்பாலைக் காட்டினால் போதாது. சும்மா கிடந்தாலும் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தால் பால் கட்டிவிடும். ஆகவே மூன்று மங்குகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் அன்று காலை எடுத்த பால் 100 மில்லி. ஒன்றில் 20 மில்லி வினிகர், அடுத்ததில் 20 மில்லி தண்ணீர், மூன்றாவதில் எதுவும் வேண்டாம். 'ஒரு மணி நேரத்தில் முதல் மங்கு மட்டும் கட்டும்' என்று எழுதி, ஆசிரியரின் கையெழுத்து வாங்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

கட்டவில்லையா? உண்மையான பாடம் இங்கேதான் தொடங்குகிறது. கருதுகோள் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, 'பாலில் எதுவும் கலக்கவில்லை' என்பது போன்ற துணை அனுமானங்களும் கூடவே வருகின்றன என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் 1906-இல் விளக்கினார். பால் கெடாமலிருக்க யாரோ அம்மோனியா கலந்திருக்கலாம். அது அமிலத்தைச் சமன்செய்துவிடும். அப்படியானால், அமிலமா காரமா என்று காட்டும் சிவப்பு லிட்மஸ் தாள் அந்தப் பாலில் நீலமாக வேண்டும். தாள் மாறாவிட்டால் அந்தச் சமாதானம் செல்லாது, வேறு காரணம் தேட வேண்டும்.

தனியே சோதிக்க முடியாத சாக்கை மட்டும் ஏற்காதீர்கள். யுரேனஸின் பாதை கணக்கோடு ஒத்துவராதபோது, காணாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே; சொன்ன இடத்துக்கு அருகிலேயே 1846-இல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் விலகலுக்கும் 1859-இல் அதே வகை விளக்கம் தந்தார். தேடினார்கள், அந்தக் கோள் கிடைக்கவேயில்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கோட்பாடுதான் விடை தந்தது. இரண்டு முறையும் லெவெரியே செய்தது நேர்மையான அறிவியல்தான்.

எனவே நூற்றுக்கு 30 புள்ளியை முன்கூட்டி எழுதிய கணிப்புக்கும் ஒப்பீட்டு மங்குகளுக்கும், இன்னொரு 30 புள்ளியைத் தவறிய முடிவைத் துருவிய விதத்துக்கும் ஒதுக்குங்கள். அட்டையின் அழகுக்கு 10 போதும்.

தோட்டத்தில் பாலைக் கட்ட வைக்கப் பயன்படுத்தும் ஃபார்மிக் ஆசிட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், தோலைப் புண்ணாக்கும். இந்தச் சோதனைக்குச் சமையல் வினிகரே போதும்.

அன்புடன்,
அறிவியல் பயிற்றுவிக்கும் சிலர்