வேட்டிக் கரையும் முன்வரிசையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் கோயில் விழாவில் அகலச் சரிகை வேட்டி கட்டியவர்களை முன்வரிசைக்கு அழைத்தார்கள். நூல் வேட்டியோடு வந்த என் மாமனாரைத் தூணோரம் நிற்கச் சொன்னார்கள். எழுபது வயது மனிதர். காலையில் தானே கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி அது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

கரையைப் பார்த்து ஆளை எடைபோடுவது பழைய வழக்கம்தான். பண்டைய ரோமில் செனட்டரின் அங்கியில் அகலமான ஊதாப் பட்டை இருக்கும். அடுத்த வகுப்பாருக்குக் குறுகிய பட்டைதான். இங்கிலாந்தில் 1363இல் சட்டமே போட்டார்கள்: உழவரும் வண்டிக்காரரும் மலிவான முரட்டுக் கம்பளித் துணியைத் தவிர வேறு உடுத்தக் கூடாது. சரி, அவ்வளவு தூரம் எதற்கு? நம் பர்மாவில் மன்னராட்சியின்போது, பூணூல் போலத் தோளில் போடும் ‘சல்வே’யில் அரசருக்கு 24 சரம். மற்றவர்களுக்கு 12, 9, 6, 3 என்று பதவி இறங்க இறங்கச் சரமும் குறையும்.

அந்த அரசவை 1885இலேயே போய்விட்டது. விழாக் குழுவினரே, அடுத்த திருவிழாவில் வேட்டியைப் பார்க்காமல் வயதானவர்களுக்கு முதலில் நாற்காலி போடுங்கள்.

ஒரு வாசகர்,
யாங்கோன்